எத்தனாவது நாள்?

திண்டுக்கல்லில் காய்ச்சல் கண்டவர்களைக் காய்ச்சலைவிட அதிகமாகப் படுத்துகிறவர் ஒரே ஒருவர்தான். எங்கள் தெருமுனையில் ரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருக்கிறார். அவருடைய பெயர் ரொம்ப காலம் எனக்குத் தெரியாது. ஊரே அவரை ‘எத்தனாவது நாள்’ என்றுதான் சொல்லும்.

தள்ளாடிக்கொண்டு போய் ஸ்டூலில் உட்கார்ந்து கையை நீட்டினால் ஊசியைத் தொட மாட்டார். காய்ச்சல் எத்தனாவது நாள் என்பார். ரெண்டு மூணு நாளா என்றால் தொலைந்தோம். ரெண்டா, மூணா என்று குடைவார். டெங்குவுக்கு முதல் சில நாளில் எடுக்கிற டெஸ்ட் வேறு, அஞ்சு நாள் தாண்டினால் எடுப்பது வேறு, நாள் தெரியாமல் எடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று பேப்பர் வரும், அதை நம்பி நீ வீட்டில் படுத்திருப்பாய் என்று பிரசங்கம் வேறு. எல்லா டெஸ்ட்டையும் எடுங்க என்று பந்தாவாகச் சொன்ன தோல் வியாபாரி ஒருவரை, வீட்டில் நாள் கேட்டுவிட்டு வா என்று திருப்பி அனுப்பினார். ஒரு கல்யாணப் பந்தியில் என் பக்கத்து இலைக்காரர் தும்மினார். எதிர் வரிசையிலிருந்து அதே கேள்வி வந்தது. மனுசர் ஒரு வாய் சோறு நிம்மதியாகத் தின்ன விடமாட்டார்.

அவர் சுவர் காலண்டரில் நல்ல நேரம் பார்க்க முடியாது. எந்தத் தெருவுக்கு என்றைக்குக் குழாய்த் தண்ணீர் வந்தது என்று கட்டம் முழுக்க எழுதி வைத்திருப்பார். இந்த ஆளுக்கு வேறு வேலையில்லையா என்று நானே அலுத்துக்கொண்டிருக்கிறேன்.

போன மழைக்காலத்தில் என் மனைவிக்குக் காய்ச்சல். மாத்திரை போட்டாள், விட்டுவிட்டது. நிலக்கோட்டையில் அவள் தங்கைக்கு வளைகாப்பு. போகிற வழியில் பேருக்கு ஒரு டெஸ்ட் எடுத்துவிடலாம் என்று சீர்த்தட்டோடு உள்ளே நுழைந்தோம்.

“மூணாவது நாள்ணே. இன்னைக்குக் காய்ச்சல் இல்ல” என்று கேட்பதற்கு முன்பே சொன்னேன். அவ்வளவு அனுபவம்.

அவர் என்னைச் சட்டை செய்யவில்லை. “தாயி, அதுக்கு முந்தி மேலு வலிச்சுச்சா?”

“வலிச்சுச்சுண்ணே. அன்னைக்குத் தண்ணி வந்துச்சுல்ல. குடம் தூக்குன வலி.”

எங்கள் ஊரில் அதை யாரும் நோவில் சேர்ப்பதில்லை. தண்ணீர் தினமும் வராது. வருகிற அன்றைக்கு டிரம், அண்டா, வாளி எல்லாம் நிறைத்துவிட்டு வீட்டுக்கு வீடு இடுப்பைப் பிடித்துக்கொண்டு முனகுவோம். நான் மாத்திரை வாங்கிய நாளிலிருந்துதான் எண்ணியிருந்தேன்.

அவர் காலண்டரைப் பார்த்தார். “உங்க தெருவுக்குத் தண்ணி வந்து இன்னையோட அஞ்சு நாளு. நோவு அன்னைக்கே ஆரம்பிச்சிருச்சு அப்பு.”

பிறகு வயிறு வலிக்கிறதா, வாந்தி உண்டா என்று அவளிடம் கேட்டார். அவள் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, காலையிலிருந்து வயிற்றைப் பிடித்து இழுக்கிறது, மூன்று தடவை வாந்தி, பல் விளக்கும்போது ரத்தம் என்றாள். சொன்னால் வளைகாப்புக்குக் கூட்டிப்போக மாட்டேன் என்று மறைத்திருக்கிறாள்.

“காய்ச்சல் விடுற நாள்தான்யா பயப்படணும். சீர்த்தட்ட இங்கயே வை” என்று கடையைப் பூட்டிவிட்டு அவரே ஆட்டோ பிடித்தார். சாயங்காலம் வரை விட்டிருந்தால் சிரமம் என்று டாக்டர் சொன்னார். அவள் இல்லாத வீட்டை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தேன், தாங்கவில்லை.

ஆஸ்பத்திரிக்குத் தினமும் வந்தார். சொந்தபந்தம் சூழ நிற்கும்போது, யூரின் போச்சா தாயி என்று சத்தமாகக் கேட்பார். அவள் போர்வையை இழுத்துத் தலையை மூடிக்கொள்வாள். அவள் பிழைத்து வீடு திரும்பிய அன்று எங்கள் டிரம்மைக் கவிழ்த்து, கொசு முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும் என்று நார் போட்டு என்னைத் தேய்க்கவிட்டார். தண்ணீர் போன வயிற்றெரிச்சலில் மனதுக்குள் திட்டிக்கொண்டே தேய்த்தேன். இப்போது டிரம் வாயில் துணி கட்டாமல் நாங்கள் தூங்குவதில்லை.

இந்த வருஷம் ஒருநாள் அவர் கடை திறக்கவில்லை. பின்கட்டில்தான் தனியாக இருக்கிறார். போய்ப் பார்த்தால் சுருண்டு கிடந்தார். நெற்றி கொதித்தது. எத்தனாவது நாள் என்று கேட்டேன்.

“தெரியலப்பு. எனக்கு யாரு நாள் எண்ணுறா?” என்றார்.

காலண்டரைப் பார்த்தேன். எங்கள் தெருவுக்கு மூன்று நாளைக்கு முன்னால் தண்ணீர் வந்தது எனக்கு நன்றாக ஞாபகம். அந்தக் கட்டம் காலியாக இருந்தது. எழுத முடியாதபடி அன்றைக்கே நோவு ஆரம்பித்திருக்கிறது.

“நாலாவது நாள்ணே, எந்திரிங்க” என்று தோளில் சாய்த்து ஆட்டோவில் ஏற்றினேன்.

ஆஸ்பத்திரிச் சீட்டு எழுதுகிற பெண் நோயாளியின் பெயரைக் கேட்டாள். முழித்தேன். உங்களுக்கு என்ன உறவு என்று கேட்டாள். அதற்கு நான் முழிக்கவில்லை.

“அண்ணன்” என்றேன்.