வலது பக்கச் சிவப்பு

கடவுள் இந்த உலகத்தைப் படைத்து முடித்த கையோடு தரச் சோதனைக்கு அனுப்பியிருந்தால், எங்கள் ரிஜெக்ட் அதைத் திருப்பி அனுப்பியிருப்பான். "வானத்துல நீலம் ஒரே சீரா இல்ல. நிலா ஒரு வாரம் கூட ரவுண்டா நிக்கல. எடுத்துக்கினு போ" என்று சிவப்பு அட்டையைக் கட்டி, கீழே கையெழுத்தும் போட்டிருப்பான். கடவுளும் மறுபேச்சுப் பேசாமல் வாங்கிக்கொண்டு போயிருப்பார். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் அவனோடு வாதாடி ஜெயித்தவர் எவரும் கிடையாது.

இரண்டாயிரத்து ஆறு, ஏழு வாக்கில் அங்கே ஓர் இரும்புக் குழாய் ஆலையில் நான் ஸ்டோர்ஸ் கிளார்க். அவன் தரச் சோதனையாளன். குழாயை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பான். "ரிஜெக்ட்" என்பான். பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. மற்றபடி ஆலை முழுக்க அவன் ரிஜெக்ட், நான் ஸ்டோர்ஸு. கேன்டீன் இட்லியைக்கூடத் தட்டில் உருட்டிப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிடுவான். எளாவூர் போகிற நெடுஞ்சாலை ஓரமாக அவனுக்குச் சொந்த வீடு இருந்தது. கீழே அவனும் அவன் அம்மாவும். மாடியறையில் நான் குடியிருந்தேன்.

ஆலையின் கூட்ட அறையில் ஒரு புரொஜெக்டர் இருந்தது. முதலாளி போட்டுக் காட்டிய படத்தில் எல்லோர் முகமும் மஞ்சள் காமாலை வந்த மாதிரி தெரிந்ததால், அதைச் சோதிக்கச் சொல்லி இவனிடம் கொடுத்தார்கள். இரண்டு பக்கத்துக்கு அறிக்கை எழுதி, அட்டை கட்டி, என் ஸ்டோர்ஸுக்குக் காயலான் கடைச் சரக்காக அனுப்பிவிட்டான். ஒரு வாரம் கழித்துத் தயங்கித் தயங்கி வந்து நின்றான்.

"ஸ்டோர்ஸு, அந்த மிஷினு இன்னும் கீதா?"

"கீது. இன்னாத்துக்கு? நீதானே ரிஜெக்ட் பண்ண?"

"பண்ணேன்டா. ஆனா அதுக்கு நாம ஒரு சான்ஸே குடுக்கலியே. அத நெனச்சா தூக்கம் வர மாட்டேங்குது."

ஒரு பொருளைத் தள்ளிவிட்டு அவன் வருத்தப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான். கேட்பாரில்லாத சரக்கு என்பதால் மேலாளரும் தலையாட்டினார். கேட் பாஸ் எழுதிய பாவி நான்.

முதல் நாளே படம் போடுவான் என்று நம்பி, பக்கத்துத் தெரு வரைக்கும் சொல்லிவைத்திருந்தேன். அவனோ வீட்டுக் கீழறைச் சுவரில் கட்டம் கட்டமாகக் கோடு விழுகிற ஒரு படத்தை மட்டும் போட்டு, ரசமட்டத்தை வைத்துப் பார்த்தான். மேலே அகலமாகவும் கீழே குறுகலாகவும் இருந்தது. புரொஜெக்டருக்கு அடியில் தீப்பெட்டியை வைத்தான். அப்புறம் பஸ் டிக்கெட்டுகளை மடித்து வைத்தான். கடைசியில் ஆலையிலிருந்து மில்லிமீட்டர் கணக்கில் தகடு வெட்டிக்கொண்டு வந்தான். படம் சதுரமாக உட்கார்ந்த நேரத்தில் செக்போஸ்ட்டைப் பார்த்து ஒரு லோடு லாரி போனது. தரை அதிர்ந்து, படம் ஒரு நூல் இறங்கியது. அன்று முதல் ஆந்திரா போகிற அத்தனை லாரிக்காரர்களும் அவனுக்குப் பரம விரோதிகள்.

அடுத்ததாகக் கறுப்பு. "கறுப்பு கறுப்பா தெரியல, சாம்பலா கீது" என்று ஒரு மாதம் புலம்பினான். சுவரில் விழுகிற வெளிச்சம் அறையெல்லாம் தெறித்துத் திரும்பவும் சுவருக்கே வருகிறதாம். அதற்கு அவன் கண்டுபிடித்த மருந்து, திரைச் சுவரை மட்டும் வெள்ளையாக விட்டுவிட்டு மற்ற மூன்று சுவருக்கும் கூரைக்கும் கன்னங்கரேலென்று பெயிண்ட் அடித்தது. வீட்டுக்குள் அமாவாசையைக் குடிவைத்துவிட்டான் என்று அவன் அம்மா தலையில் அடித்துக்கொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரிக்கெட் மேட்ச். கெஞ்சிக் கூத்தாடி ஏழெட்டுப் பேர் உள்ளே நுழைந்துவிட்டோம். கடைசி ஓவரில் படத்தை அப்படியே நிறுத்தினான். "புல்லு இவ்ளோ பச்சையாவா இருக்கும்?" என்று வெளியே ஓடி, வரப்பிலிருந்து ஒரு பிடி புல்லைப் பிடுங்கி வந்து சுவரோடு வைத்துப் பார்த்தான். அடுத்த வீட்டு டீவியில் ஊரே கத்தியது. யாருக்கு விக்கெட் விழுந்தது என்று தெரியாமல் நாங்கள் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றோம்.

அதே சமயம் கரண்ட் போனது. "விசிறுங்கடா, விசிறுங்க!" என்று அலறினான். கரண்ட் போனால் உள்ளே இருக்கிற காற்றாடி நின்றுவிடுமாம், சூட்டில் விளக்கு வெடித்துவிடுமாம். கரண்ட் கட் சக்கைப்போடு போட்ட காலம் அது. வேர்த்து விறுவிறுத்துப்போன ஏழெட்டு ஆம்பிளைகள் பனையோலை விசிறியும் பேப்பருமாக அந்தப் பெட்டிக்குக் காற்று வீசினோம். எங்களுக்கு வீச ஆள் இல்லை.

இத்தனையும் தீர்ந்த பிறகு கடைசியாக ஒரு குறை மிஞ்சியது. படத்தின் வலது ஓரம் லேசாகச் சிவந்திருக்கிறது என்றான். இடது பக்கம் பீரோ அடைத்துக்கொண்டிருந்ததால் எப்போதும் வலது மூலையில்தான் போய் நிற்பான். சுவரில் மூக்கு உரசப் பார்ப்பான்.

"தூரத்துல உக்காந்து பாத்தா தெரியலடா. கிட்ட போனாத்தான் வருது. ஒளிஞ்சி வெளையாடுது."

விளக்கைத் துடைத்தான். கண்ணாடியைத் துடைத்தான். சுவருக்கு மறுபடி வெள்ளையடித்தான். சிவப்பு போகவில்லை. அது போகிற வரைக்கும் படம் கிடையாது என்று சொல்லிவிட்டான். மொத்தத்தில் அந்த அறையில் இரண்டு வருஷமாக முழுசாய் ஒரு பாட்டுக்கூட ஓடவில்லை.

இதற்கிடையே அவனுக்கு வயது முப்பத்து நாலு ஆகியிருந்தது. மூன்று சம்பந்தம் வீடு பார்க்க வந்து, கறுப்பு அறையைப் பார்த்துவிட்டு, காப்பியைக்கூட முழுசாகக் குடிக்காமல் திரும்பியிருந்தது. மாந்திரீகம் செய்கிற வீடு என்று பொன்னேரி வரைக்கும் பேச்சு. நாலாவதாக ஒரு வரன் அமைந்தபோது அவன் அம்மா அழுதே விட்டார். "நீ செவுத்தோட பேசிக்கினு கீற. நான் யாரோட பேசறது? எனக்கு ஊட்ல ஒரு ஆள் வேணும்டா." அன்று சாயங்காலம் அவன் மாடிப்படியில் வந்து உட்கார்ந்தான். "இதுவும் பூட்ச்சின்னா இனிமே யாரும் வர மாட்டாங்க, ஸ்டோர்ஸு. எனக்கும் ஆசதான்டா" என்றான். அவன் எதையுமே குறை சொல்லாமல் பேசிய முதல் வாக்கியம் அது.

பெண் வீட்டார் பொன்னேரிப் பக்கம் நெல் விவசாயம். பெண் ஏதோ செல்போன் கம்பெனியில் வேலை என்றார் தரகர். என்ன வேலை என்று நாங்களும் கேட்கவில்லை. அவர் போட்ட கட்டளைகள் இரண்டு. "கம்பெனி சட்டைய போட்டுக்கினு நில்லு, பர்மனென்ட்டுன்னு தெரியட்டும். அந்தக் கறுப்பு ரூமு கதவ மட்டும் தொறக்காத. உன் கால்ல உழறேன்." எங்கள் ஆலையில் ஒப்பந்த ஆட்களுக்கு நீலச் சட்டை, நிரந்தரமானவர்களுக்குச் செங்கல் நிறம். இவன் ஞாயிற்றுக்கிழமைகூட அந்தச் செங்கல் சட்டையோடுதான் திரிவான் என்பதால் முதல் கட்டளையில் சிரமமே இல்லை.

தகப்பனாரும் பெண்ணும் காலை பதினோரு மணிக்கு வந்தார்கள். நானும் பார்க்கிறேன் என்று பெண் ஒற்றைக் காலில் நின்றதாம். தகப்பனார் சமையலறை, கிணறு எல்லாம் பார்த்துவிட்டு அந்தக் கதவின் முன்னால் நின்றார்.

"இது இன்னா ரூமு? சாத்திக்கீது?"

"நெல்லு மூட்டைங்க" என்றார் தரகர்.

"இவங்களுக்குத்தான் நெலமே இல்லன்னு சொன்னியே. நெல்லு ஏது?"

தரகர் வாயைத் திறப்பதற்குள் ரிஜெக்ட் முந்திக்கொண்டான். பொய்ச் சான்றிதழ் என்றால் அவனுக்கு ஆகாது. "நெல்லு இல்லங்க. புரொஜெக்டர் ரூமு" என்று கதவைத் திறந்தே விட்டான். நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

"இன்னாபா இது, பட்டப்பகல்ல ராவு மாதிரி கீது! கூரைக்கு யாராச்சும் கறுப்பு அடிப்பாங்களா?" தகப்பனார் சுவரைத் தடவிக்கொண்டே உள்ளே போனார். இவன் சந்தோஷமாக மிஷினைப் போட்டான். கட்டம் விழுந்தது.

"படம் எங்க?"

"இன்னும் ரெடி ஆவலங்க."

"எத்தினி நாளா?"

"ரெண்டு வருசமா."

அவர் தரகரைத் திரும்பிப் பார்த்த பார்வையில் அந்த ஆளுக்கு முடியே நரைத்திருக்கும். "ஊருக்குப் போயி கலந்துக்கினு சொல்லியனுப்பறோம்" என்றார். எங்கள் பக்கத்தில் அதற்கு என்ன அர்த்தம் என்று எல்லோருக்கும் தெரியும். அவன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்.

கரண்ட் போனது.

"விசிறுங்க, விசிறுங்க!" என்றான் ரிஜெக்ட். எதிரில் நிற்பது வருங்கால மாமனார் என்பதெல்லாம் அவனுக்கு மறந்தே போனது. அவர் கையில் தாம்பூலத் தட்டு இருந்தது. வெற்றிலையைக் கொட்டிவிட்டு, என்ன ஏது என்று கேட்காமல் பாவம் அவரும் விசிறினார். கால் மணி கழித்துக் கரண்ட் வந்ததும் இவன் வெள்ளைப் படத்தைப் போட்டு, வழக்கம்போல வலது மூலைக்கு ஓடினான்.

"பாருங்க! செவப்பு! இது ஒண்ணுதாங்க பேஜாரு. கிட்ட வந்தாத்தான் தெரியும்."

அதுவரை வாய் திறக்காத பெண் வாசற்படியிலிருந்தே சொன்னது. "கொஞ்சம் அப்பால தள்ளி நில்லுங்க."

தள்ளினான். சிவப்பு போய்விட்டது.

"இப்ப வாங்க."

வந்தான். சிவப்பும் கூடவே வந்தது.

"செவுத்துல ஒண்ணும் இல்லீங்க. உங்க சட்டைலதான் கீது. வெளிச்சம் சட்டைல பட்டு செவுத்துல அடிக்குது."

"நீங்க... இன்னா வேல?" என்றான்.

"டிஸ்ப்ளே செக்கிங். நாள் பூரா செல்போன் ஸ்கிரீனத்தான் பாத்துக்கினு இருப்பேன். எங்க லைன்ல கலர் சட்ட போட்டுக்கினு வந்தா உள்ளயே உட மாட்டாங்க."

இரண்டு வருஷமாக அவன் தேடிய குறை அவன்தான். எனக்கு அவனைப் பார்க்கவே சங்கடமாக இருந்தது. அவன் மெதுவாகச் சட்டைப்பையில் கைவிட்டு, எப்போதும் வைத்திருக்கும் சிவப்பு அட்டை ஒன்றை எடுத்து, எல்லோர் முன்னாலும் தன் சட்டைப் பொத்தானில் கட்டிக்கொண்டான். "தப்பு என்கிட்டதாங்க" என்றான்.

அந்தப் பெண் சிரித்துவிட்டது.

"கெளம்பலாமாம்மா?" என்றார் தகப்பனார், இன்னும் மூச்சு வாங்கியபடி.

"இரு நைனா. இது ரிஜெக்ட் இல்ல. ரீவொர்க்கு."

"அப்படின்னா?"

"சரி பண்ணி எடுத்துக்கலாம்னு அர்த்தம். கூர கறுப்பாவே இருக்கட்டும், அது கரெக்ட்டாத்தான் அடிச்சிக்கீறாரு. சட்டைய மட்டும் மாத்தச் சொல்லு."

தை மாதம் கல்யாணம் நடந்தது. பேச்சுத் துணைக்கு மருமகள் வந்துவிட்டாள் என்று மகிழ்ந்த அவன் அம்மா, இப்போது இரண்டு பேருமாகச் சுவரோடு பேசுகிறார்கள் என்று என்னிடம் மாடிக்கு வந்து பேசினார். ஆனால் அந்த மாதமே ஒரு ஞாயிறு பகலில் தெருவையே கூப்பிட்டு முழுப் படம் ஒன்று போட்டான். சாம்பல் நிறச் சட்டையில் நடுவில் உட்கார்ந்திருந்தான். வெளியே லாரி போய்ப் படம் ஒரு நூல் இறங்கியபோது எழப் பார்த்தான். அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். கடைசி வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

அதற்கப்புறம் நான் வேலை மாறிச் சென்னைக்கு வந்துவிட்டேன். எத்தனையோ தியேட்டர், எத்தனையோ திரை. எங்காவது படத்தின் வலது ஓரம் லேசாகச் சிவந்து தெரிந்தால், பக்கத்தில் அந்தச் செங்கல் சட்டையோடு அவன் நிற்கிறான் என்றுதான் எனக்குத் தோன்றும். தள்ளி நில்லு என்று சொல்ல மட்டும் மனசு வருவதில்லை.