அவரைக் கேட்டுச் சொல்லுறன்

உருத்திரபுரம்,
கிளிநொச்சி.
05.12.2004

பேரன்புள்ள மச்சான் கனகலிங்கம் அவர்களுக்கு,

முருகன் அருளால் இங்கு நான், உமது தங்கை அருந்ததி, மகள் ஜெயரூபி, மருமகன் சுகிர்தன், மாடுகள் ஆகிய அனைவரும் நலம். வவுனியாவில் உமது முழங்கால், பிரஷர், வாய் ஆகியவையும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வாயைப் பற்றி எனக்குப் பெரிய கவலை இல்லை.

போன மாதம் நான் செத்துவிட்டதாக உமக்குச் செய்தி வந்திருக்கும். அது பிழை. பிழை என்று அடுத்த நாள் வந்த செய்திதான் சரி. இடைப்பட்ட நேரத்தில் நீர் விக்கி விக்கி அழுதீர் என்று பஸ்காரன் சொன்னான். எனக்காக நீர் அழுதது அதுதான் முதல் தடவை. பார்க்க எனக்குக் கொடுத்துவைக்கவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். கந்தசஷ்டிக்கு விரதம் பிடித்தேன். எனக்குச் சீனி வருத்தம் என்பது உமக்குத் தெரியும். எதை விட்டாலும் குளிசையை விடக்கூடாது என்று டொக்டர் எப்போதோ சொன்னது நினைவில் இருந்தபடியால், சாப்பாட்டை விட்டுவிட்டுப் பச்சைத் தண்ணீரோடு சீனிக் குளிசையை மட்டும் ஒழுங்காக விழுங்கிவந்தேன். முருகனுக்கும் குறையில்லை, டொக்டருக்கும் குறையில்லை என்று எனக்குள் பெரிய திருப்தி. மூன்றாம் நாள் வாய்க்கால் கட்டில் நின்று வயலுக்குத் தண்ணீர் திருப்பிக்கொண்டிருந்தவன் அப்படியே சரிந்துவிட்டேன். தூக்கிவந்து விறாந்தையில் தெற்கே தலை வைத்துக் கிடத்தினார்கள். கவனியும், நான் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறேன், அதற்குள் தெற்கே தலை வைத்தாயிற்று.

கண் திறக்கவில்லை, நாக்கு எழும்பவில்லை, காது மட்டும் வேலை செய்தது. மச்சான், இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. "கிளிநொச்சி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவம்" என்றான் சுகிர்தன். பக்கத்துக் காணித் தில்லைநாதன் விடவில்லை. "வவுனியாதான் பெரிய ஆஸ்பத்திரி, அங்கை கொண்டுபோங்கோ" என்றார். "ஓமந்தைச் சோதனைச் சாவடியிலை இறக்கிப் பேர் ஊர் கேட்டா, கண் திறக்காத மாமா எப்பிடிச் சொல்லுவார்?" என்றான் இவன். "அப்ப கிளிநொச்சி. ஆனா இப்ப ராகுகாலம், கொஞ்சம் பொறுத்து வெளிக்கிடுவம்" என்றார் அவர். சாகக் கிடக்கிறவனுக்கு ராகுகாலத்தால் இதற்குமேல் என்ன கேடு வரும் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை. என்னை ஏற்ற வந்த உழவு மெசின் வாசலில் உறுமிக்கொண்டே நின்றது. டீசல்தான் எரிந்தது.

கடைசியில் எல்லோருமாக அருந்ததியிடம் போனார்கள். "அக்கா, நீங்கள் சொல்லுங்கோ. கொண்டுபோறதோ, விடுறதோ?"

உமது தங்கையின் பதில் உமக்குத் தெரியாததா? சீட்டுக்கு ஆள் சேர்க்க வந்தவர்களுக்கும், சைக்கிள் இரவல் கேட்டு வந்தவர்களுக்கும், ஜெயரூபியைப் பெண் கேட்டு வந்தவர்களுக்கும் கல்யாணம் கட்டின நாளிலிருந்து அவள் சொல்லிவரும் ஒரே பதில்: "அவரைக் கேட்டுச் சொல்லுறன்." ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. முடிவை அவளே எடுப்பாள், கூடாத பெயர் எனக்கு வரும். நான் ஒரு சதமும் ஈயாத கசவாரம் என்று ஊர் முழுக்கப் பெயர் எடுத்தது அப்படித்தான்.

அன்றைக்கும் அதையேதான் சொன்னாள். ஆனால் மச்சான், அன்றைக்கு மெய்யாகவே கேட்டாள். தலைமாட்டில் வந்திருந்து, என் நெஞ்சில் கையை வைத்து, காதுக்குள் கேட்டாள். "இஞ்சேருங்கோ, இவை கேக்கினம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகட்டோ? நீங்கள் ஒண்டும் சொல்லாமல் நான் என்னெண்டு சொல்லுறது?" கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்துக்கொண்டிருந்தாள். என் சீவியத்திலேயே முதல் தடவையாக என் அபிப்பிராயம் கேட்கப்படுகிறது, எனக்கு வாய் இல்லை. அவளுடைய கை நடுங்கிக்கொண்டே இருந்தது. ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன், சாவதற்கு எனக்குப் பயம் வரவில்லை, அந்தக் கை நடுங்கினதைத்தான் தாங்க முடியவில்லை.

பதில் வராதபடியால் ஊர் முடிவெடுத்தது. தில்லைநாதன் கடைசி நேரத்துப் பதிகத்தைத் தொடங்கினார். பால் பருக்கச் சொன்னார்கள். ஜெயரூபி குசினிக்குள் ஓடிப்போய்ப் பாலில் சீனியை அள்ளிக் கொட்டிக்கொண்டு வந்தாள். "அப்பாவை இத்தனை வருசமாச் சீனி தின்ன விடேல்லை. கடைசியா ஒருக்கா இனிப்பாக் குடிச்சிட்டுப் போகட்டும்" என்று ஒரே அழுகை. சொந்தம், அயல் என்று ஆள் மாறி ஆள் கரண்டியால் ஊற்றி, உழவு மெசின்காரனும் தன் பங்குக்கு ஊற்ற, நான் கண்ணைத் திறந்தேன். "தில்லைநாதன், சுதி சேரேல்லை" என்றேனாம். மனுசன் இன்னும் என்னோடு கதைப்பதில்லை.

ராகுகாலம் முடிந்த பிறகு என்னை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாப்பிடாமல் குளிசை போட்டால் சீனி இறங்காமல் ஏறுமா என்று டொக்டர் எனக்கு ஏசினார். நினைவில்லாதவன் வாயில் எதை ஊற்றினாலும் மூச்சுக்குள் போய்விடும், உடனே கொண்டுவர வேண்டும் என்று மற்றவர்களுக்கு ஏசினார். நான் தப்பினது முருகன் செயல்.

இனி இப்படி ஒன்று வந்தால் எனக்காகப் பேச ஒரு ஆள் வேண்டும் என்று பளைக்குப் போய், முன்பு காணி உறுதி எழுதி ஓய்வு பெற்ற நொத்தாரிசு ஒருவரைக் கண்டேன். எனக்காக முடிவெடுக்கும் அதிகாரத்தை இன்னொருவருக்குக் கொடுத்து அற்றோணித் தத்துவம் எழுத வேண்டும் என்றேன். "எழுதலாம். ஆனா உமக்குப் புத்தி தெளிவா இருக்கும் வரைக்கும்தான் அது செல்லும்" என்றார். "தெளிவா இருக்கேக்கை நானே கதைப்பனே ஐயா?" என்றேன். "ஓம், அதுதான் சட்டம்" என்று தேத்தண்ணீர் தந்தார். வெளிக்கிடும்போது, "எதுக்கும் வீட்டுச் சனத்திட்டை இப்பவே வாயாலை சொல்லி வையும்" என்றார்.

ஆகவே மச்சான், எனக்கு வாய் போனால் என் வாயாக உம்மை நியமிக்கிறேன். சுகிர்தன் எல்லோர் முகத்தையும் பார்ப்பான். ஜெயரூபி அழுவாள். நீர் ஒருவர்தான், நான் கல்லுப்போலத் திடமாக இருக்கும்போதே என்னைக் கேட்காமல் என் வீட்டுக் காரியங்களுக்கு முடிவு சொல்கிறவர். மாறக்கூடிய வருத்தம் என்றால் நாள் நேரம் பாராமல் கொண்டுபோகச் சொல்லும். மாறாது என்று டொக்டர்மார் சொல்லிவிட்டால், கொழும்புக்கு இழுத்துப்போய்க் குழாய் செருகி மூச்சை மட்டும் காவல் காக்க வேண்டாம், வீட்டில் வாய்க்கால் பக்க யன்னலடியில் கிடத்தச் சொல்லும். புத்தி தடுமாறி நான் ஆட்களை மறந்துபோனால் வயலைச் சுகிர்தன் செய்யட்டும். என்னை அறைக்குள் பூட்டாமல் வாய்க்கால் கட்டில் நடக்க விட்டு, பின்னால் ஒரு ஆள் வந்தால் போதும். அருந்ததியிடம் மட்டும் ஒன்றும் கேட்க வேண்டாம். அந்தக் கை திரும்ப நடுங்கக் கூடாது.

உமக்கும் மச்சாளுக்கும் பிள்ளைகளுக்கும் முருகன் நோய்நொடி இல்லாத சீவியத்தையும், அவசரத்துக்கு ராகுகாலம் குறுக்கிடாத நாட்களையும் தருவானாக.

இப்படிக்கு,
இன்னும் உயிரோடிருக்கும் மச்சான்,
வேலும்மயிலும்

பி.கு.: மேலே உள்ள நியமனத்தைத் தள்ளிவிடும். கடிதத்தை ஒட்டப்போன நேரம் அருந்ததி வாசித்துக் காட்டச் சொன்னாள். கேட்டு முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "அண்ணை ஓமந்தை தாண்டி வந்து சேர என்ன பாடோ. நான் இப்ப கேக்கிறன், நீங்கள் இப்ப சொல்லுங்கோ" என்று கதிரையை இழுத்துப் போட்டு முன்னுக்கு இருந்தாள். ஆஸ்பத்திரி, குழாய், வயல், வாய்க்கால் என்று ஒன்று விடாமல் கேட்டாள். நான் சொல்லச் சொல்லத் தலையாட்டினாள். யன்னலை மட்டும், "அதிலை தூவானம் அடிக்கும், மற்ற யன்னலடியிலை கிடவுங்கோ" என்று மாற்றிவிட்டாள். பின்னேரம் சுகிர்தன் வந்து பயந்து பயந்து, "மாமி, இனி மாமாவுக்கு இப்பிடி ஒண்டு வந்தா நாங்கள் ஆரைக் கேக்கிறது?" என்றான். குசினிக்குள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தவில்லை.

"என்னைக் கேளுங்கோ தம்பி. நான் அவரைக் கேட்டிட்டன்."