குளியல் தொட்டியில் ஒரு கட்சிக்காரர்

நியூசிலாந்தில் பாம்பு கிடையாது. நாடு முழுக்கத் தேடினாலும் ஒரு தண்ணீர்ப் பாம்புகூட அகப்படாது. அந்தப் பெருங்குறையைத் தனியாளாக நின்று தீர்த்துவைக்கப் பார்த்தவர் எங்கள் அப்புக்காத்தர்.

அவர் நிஜ அப்புக்காத்து, அதாவது வக்கீல், இல்லை. கறுப்புக் கோட்டை விலைக்குக்கூடக் கேட்டறியாதவர். வாய் ஓயாமல் வழக்குப் பேசுகிறவர்களுக்கு யாழ்ப்பாணத்தில் கொடுக்கிற பட்டம் அது. எண்பதுகளின் நடுவில் ஒடாஹுஹுவில் ஒரு பலகை வீட்டை மூன்று தனிக்கட்டைகள் வாடகைக்கு எடுத்திருந்தோம்: அப்புக்காத்தர், மன்னாரிலிருந்து வந்த மரியான், நான். அப்புக்காத்தருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. "இண்டைக்கு மழை வரும்போல கிடக்கு" என்று மரியான் சொன்னால், "ஆதாரம்?" என்பார். மழையில் தொப்பலாக நனைந்துகொண்டே, இது மழையில்லை என்று அவர் வாதாடி வென்றதை நான் கண்ணால் கண்டிருக்கிறேன்.

பக்கத்து வீட்டில் ஒரு வெள்ளைக்காரக் கிழவி தனியாக இருந்தார். அதிகம் பேசமாட்டார். வேலிக்கு மேலால் அப்புக்காத்தர் உலக நியாயமெல்லாம் கதைக்க, கிழவி தலையை ஆட்டியபடி செடிகளுக்குத் தண்ணீர் விடுவார். அவருடைய பின்வளவுக் குட்டையில் ஒரு விலாங்கு இருந்தது. ஆள் நீளம், என் தொடைப் பருமன். கிழவி கையைத் தண்ணீருக்குள் விட்டால் பூனைக்குட்டி மாதிரி வந்து உள்ளங்கையிலிருந்து இறைச்சித் துண்டை எடுத்துக்கொள்ளும்.

கிழவி ஒருநாள் வழுக்கி விழுந்து, இடுப்பு முறிந்து, நியூ லின்னில் ஒரு முதியோர் இல்லத்துக்குப் போகவேண்டி வந்தது. வீட்டை விற்க வந்த மகனுக்கு விலாங்கைக் கண்டதும் நாக்கில் எச்சில் ஊறிவிட்டது. புகையில் வாட்டிய விலாங்கென்றால் இந்த ஊர்க்காரர் பலருக்கு உயிர். தூண்டில் போட்டான். விலாங்கு நூலை அறுத்துக்கொண்டு, முள்ளோடு அடியில் போய்ப் பதுங்கிவிட்டது. சத்தம் கேட்டு அப்புக்காத்தர் வேலியைத் தாண்டினார். மதியம் தொடங்கிய வாதம் பொழுதுபட்டும் முடியவில்லை. கடைசியில் மகன் இரண்டு கைகளையும் தூக்கிவிட்டான்.

"கொண்டு போ. ஆனால் அது சாப்பிடாவிட்டால் எனக்குச் சொல்லு. மெலிவதற்குள் வந்து எடுத்துக்கொள்கிறேன்" என்றான்.

இப்படியாக அது எங்கள் குளியல் தொட்டிக்குக் குடிவந்தது.

"அண்ணை, நாங்கள் எங்க குளிக்கிறது?" என்றேன்.

"நீர் வாளியில தண்ணி பிடிச்சு, கோப்பையால அள்ளி ஊத்தித்தானே குளிக்கிறீர்? தொட்டிக்கும் உமக்கும் என்ன சம்பந்தம்?"

அன்றிலிருந்து உடுப்புத் தோய்க்கிற அறையில், இந்த ஊர் ஜூலை மாதக் குளிரில் பல்லுக் கிட்டக் கிட்டக் குளித்தோம்.

மரியான் கதவிடுக்கால் பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டான். "அண்ணை, இது பாம்பு."

"விலாங்கு. மீன் சாதி."

"மீனெண்டாத் தாங்கோ, புளி விட்டுக் காய்ச்சுவம்."

"என்ர கட்சிக்காரரைக் காய்ச்சிறதோ? அது வளர்ப்புப் பிராணி ஐசே."

வளர்ப்புப் பிராணி கூடாது என்பது வீட்டுக்காரர் போட்ட சட்டம். அவர் வந்து தொட்டியைப் பார்த்து வெளிறிப்போனபோது, அதே அப்புக்காத்தர் கொஞ்சமும் கூசாமல், "மீன், சேர். எங்கட இரவுச் சாப்பாடு" என்றார். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுவது விலாங்கின் குணம் என்பார்கள். எங்கள் வீட்டில் விலாங்குக்கு அந்தச் சிரமத்தை அவர் வைக்கவில்லை.

தாடையிலிருந்த முள்ளை அப்புக்காத்தர் குறடால் கழற்றினார். கூலியாகப் பெருவிரலில் ஒரு கடி கிடைத்தது. அதன் பிறகு எந்தக் கையைக் கண்டாலும் அது பாய்ந்து கடித்தது. தீன் தொடவில்லை. வேலைத்தலத்திலிருந்து மாட்டு ஈரல் கொண்டுவந்தார். வெள்ளிக்கிழமையில் வீட்டுக்குள் மச்சம், மாமிசம் கூடாதென்று உழுந்துவடை சுட்டுப் போட்டார். ஈரலும் ஊறியது, வடையும் ஊறியது.

இதில் அவருக்கு ஒரு பெரிய பொறுப்பு இருந்தது. முதியோர் இல்லத்துக்குப் பின்னால் ஓர் ஓடை ஓடுகிறது. விலாங்கை அங்கே கொண்டுவந்து விடுவேன், பழையபடி உங்கள் கையாலேயே தீன் கொடுக்கலாம் என்று கிழவிக்கு வாக்குக் கொடுத்திருந்தார். கையைக் கண்டால் கடிக்கிற விலாங்கை எண்பது வயது விரல்களிடம் எப்படிக் கொடுப்பது? மகனோ வாரம் தவறாமல் தொலைபேசியில் அதன் பருமனை விசாரித்தான்.

அப்புக்காத்தர் தனக்குத் தெரிந்த வழியில் இறங்கினார். தொட்டிக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு வாதாடினார்.

"ஒருத்தன் செய்த குற்றத்துக்கு முழு மனுசரையும் தண்டிக்கிறது எந்த ஊர் நியாயம்? சொல்லும் பாப்பம்."

கட்சிக்காரர் கடித்தார். கட்டுப்போடாத விரல்கள் குறைந்துகொண்டே வந்தன.

கடைசியில் கிழவியைத் தொலைபேசியில் அழைத்து முறையிட்டார். கிழவி கேட்டார்: "நீ அதோடு பேசுகிறாயா?"

"ஓம், முழு நேரமும்."

"நான் ஒருநாளும் பேசியதில்லை. கொஞ்சம் சும்மா இருந்து பார்."

அப்புக்காத்தர் வாயை மூடினார். நம்பமாட்டீர்கள், எங்களாலேயே நம்ப முடியவில்லை. குளியலறையில் தொடங்கிய மௌனம் குசினிக்கும் வந்தது, சாப்பாட்டு மேசைக்கும் வந்தது. மரியான் அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினான். முதல் இரண்டு நாளும் வீடு சொர்க்கமாக இருந்தது. மூன்றாம் நாள் மரியான், "மழை வரும்போல" என்றான். ஒருவரும் ஆதாரம் கேட்கவில்லை. அவன் சோற்றைப் பிசைந்தபடியே இருந்தான்.

ஒரு பின்னேரம் எட்டிப் பார்த்தேன். கட்டுப்போட்ட கை தண்ணீருக்குள் இருந்தது, உள்ளங்கையில் ஈரல் துண்டு. கறுத்த தலை மெல்ல வந்து, முகர்ந்து பார்த்து, துண்டை எடுத்துக்கொண்டது. பிறகு தாடையை அந்தக் கையிலேயே வைத்துக்கொண்டு கிடந்தது. அப்புக்காத்தரின் உதடுகள் அசைந்தன, சத்தம் வரவில்லை. கன்னம் மட்டும் நனைந்திருந்தது.

குளிர் போனதும் ஒரு பெரிய பிளாஸ்டிக் பீப்பாயில் அதை ஏற்றி, என் பழைய வான் வண்டியில் நியூ லின்னுக்குக் கொண்டுபோனோம். கிழவியின் சக்கர நாற்காலிக்குப் பக்கத்தில் பீப்பாயை வைத்தோம். அவர் கையை உள்ளே விட்டார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சிரிப்புச் சத்தம் கேட்டுத்தான் திறந்தேன். விலாங்கு அந்தக் கையைச் சுற்றிச் சுற்றி வந்துகொண்டிருந்தது. பிறகு பீப்பாயை ஓடையில் சரித்தோம். கிழவி அப்புக்காத்தரின் தழும்பு விழுந்த கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

திரும்பும் வழியெல்லாம் அவர் வெளியே பார்த்தபடி இருந்தார். வெறும் பீப்பாய் பின்னால் உருண்டது. மனிதர் இனி இப்படியே பேசாமல் இருந்துவிடுவாரோ என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. ஒரு சந்தியில் சிவப்பு விளக்கு. குறுக்கே ஈ, காக்கைகூட இல்லை.

"அண்ணை, ஒருத்தருமில்லாத சந்தியில நிக்கச் சொல்லுறது விசர்ச் சட்டம்" என்றேன்.

அவர் மெல்லத் திரும்பினார். "சட்டம் எண்டா என்னெண்டு உமக்குத் தெரியுமோ? முதல் அதைச் சொல்லும். பிறகு கதைப்பம்."

தொடங்கிவிட்டார். பச்சை விளக்கு எரிந்தது, அணைந்தது, மறுபடி எரிந்தது. அவர் முடிக்கும்வரை வானை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.