முரசுக்குள் மாவு

திருடர்களைத் திருத்துவதற்கென்றே இங்கிலாந்திலிருந்து எட்டு மாதம் கடல் கடந்து வந்து உண்டாக்கிய ஊர் என்ற பெருமை ஆஸ்திரேலியாவின் சிட்னித் துறைக்கு மட்டுமே உண்டு. திருடியவர்கள் கைதிகள், அவர்களைக் காக்க வந்தவர்கள் சிவப்புச் சட்டைக் கடற்படை வீரர்கள். யார் 'யோக்கியன்' என்பது சட்டையைப் பார்த்தாலே தெரிந்துவிடும். அதனால் ஊர் நிம்மதியாக இருந்தது.

அந்த நிம்மதியைக் கெடுத்தவன் ஜெத்ரோ பாஸ்க். இங்கிலாந்தில் ஒரு பாலாடைக்கட்டியைத் திருடி ஏழு வருடத் தண்டனை வாங்கி வந்தவன். ஆள் பற்றாக்குறையால் அவனையே தானியக் கிடங்குக்குக் காவல் போட்டிருந்தார்கள். சரக்குக் கப்பல் வருவதாகக் காணோம். எல்லாருக்கும் அரைவயிற்றுப் பங்கீடுதான். கிடங்கில் ஒரு பிடி குறைந்தால் தன் வயிற்றில்தான் குறையும் என்று ஜெத்ரோ கண்கொட்டாமல் காத்தான். பாவம், காவல் என்றால் காப்பது என்றே நம்பிவிட்டான்.

ஒரு நாள் நண்பகலில் சாப்பாட்டு முரசு வழக்கம்போல் அதிராமல் 'தொத்' என்றது. அடித்தவன் சைலஸ் குவில்ட்டர், படையின் முரசறைவோன். ஜெத்ரோ அருகே போய், முரசின் கயிற்றைத் தளர்த்திக் கையை உள்ளே விட்டான். முழங்கை வரை மாவு.

"இது என்னங்க?"

"முரசுக்குத் தொண்டை கட்டியிருக்கு. கைய எடுடா."

அன்றே மேஜர் ஹெத்தரிங் தலைமையில் விசாரணைக் குழு கூடியது. மாவு எப்படி உள்ளே போனது என்ற அற்ப விஷயத்தில் குழு நேரத்தை வீணாக்கவில்லை.

"மன்னரோட முரசுக்குள்ள ஒரு கைதி கைய விடலாமா?" என்றார் மேஜர்.

"உள்ள மாவு இருந்துச்சுங்கய்யா."

"இருந்தது மாவோட தப்பு. கை போனது யாரோட தப்பு?"

படையின் மானத்தைக் கெடுத்ததற்காக ஜெத்ரோவுக்கு ஐம்பது கசையடி. சான்றுப் பொருளான மாவு 'பத்திரமான காவலில்' வைக்கப்படுவதற்காக மேஜரின் சமையலறைக்குப் போயிற்று. இரவு உணவில் புட்டிங்காகத் தோன்றி, முழுமையாகப் பரிசீலிக்கப்பட்டது.

கசையடி கொடுப்பது, படை வழக்கப்படி, முரசறைவோன் வேலை. ஆகவே மறுநாள் காலை சைலஸே சாட்டையோடு வந்தான். முரசை அடிப்பதுபோலவே தாளம் தப்பாமல் அடித்தான். ஜெத்ரோவின் முதுகு கிழிந்து தொங்கியது. அதில் சிரிக்க ஒன்றுமில்லை.

கட்டியிருந்த கயிற்றை அவிழ்த்ததும் மேஜர் கனிவோடு குனிந்தார். "நாளைக்கு ஒருத்தன் திருடறதப் பாத்தா என்ன செய்வே?"

"மொதல்ல சட்டையப் பாப்பேங்கய்யா," என்றான் ஜெத்ரோ. "செவப்பா இருந்தா, அவரு அள்ளிப் போடச் சாக்கு வாயைப் பிரிச்சுப் பிடிப்பேன்."

மேஜருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே பதிவேட்டைக் கொண்டுவரச் சொல்லித் தம் கையாலேயே எழுதினார்: 'இக்குடியிருப்பில் திருந்திய முதல் கைதி.'