பஞ்சு சாருக்கு ஒரு நோயாளி

உங்களைப் பார்த்ததும் "நல்லா இருக்கீங்களா?" என்று கேட்டு, "நல்லா இருக்கேன்" என்று நீங்கள் சொன்னதும் முகம் வாடிப்போகிற ஒரு ரகம் உண்டு. பொறாமைக்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். தங்கமான மனிதர். உங்களுக்கு ஒரு கெடுதலும் வரக்கூடாது என்றுதான் அவரும் விரும்புகிறார். ஆனால் சின்னதாக ஒரு சிராய்ப்பு, லேசாக ஒரு சுளுக்கு, போனால் போகிறதென்று ஒரு தும்மல், இதுகூட இல்லாமல் எதிரே வந்து நிற்கிறீர்களே, இது நியாயமா? வீட்டில் முதலுதவிப் பெட்டி வைத்திருப்பவரைச் சொல்லவில்லை. அது எல்லோரும் வைத்திருக்க வேண்டியதுதான். பெட்டியை வைத்துக்கொண்டு அதற்கு ஆள் தேடுகிறவரைச் சொல்கிறேன்.

பஞ்சு சார் அந்த ரகம். பெற்றோர் வைத்த பெயர் வேறு. மற்றவர்கள் பேனா செருகுகிற சட்டைப் பையில் இவர் பஞ்சுச் சுருள் செருகியிருப்பதால் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பே அவரைப் பஞ்சு சார் என்று கூப்பிட ஆரம்பித்து, ஒருநாள் அவருடைய மனைவியும் வாய்தவறி அப்படியே கூப்பிட்டுவிட்டார். செருப்புத் தொழிற்சாலையின் கிடங்குக்கு அவர் பொறுப்பாளர். பகலெல்லாம் இடது கால் செருப்புக்கு வலது கால் செருப்பைத் தேடிக் கொடுப்பார். மாலையில் மருந்துக்கு நோயாளியைத் தேடுவார்.

அவருடைய பெட்டியைப் பெட்டி என்று சொல்வது மரியாதைக் குறைவு. ஒரு ஆள் படுக்கலாம். அதில் கட்டுத்துணி, கத்தரிக்கோல், இடுக்கி, வெப்பமானி, தீக்காயக் களிம்பு, உப்பும் சர்க்கரையும் கலந்த பொட்டலம் ஆகிய நியாயமான சாமான்களோடு, இருமலுக்குத் தேன், பல்வலிக்குக் கிராம்பு, வயிற்றுக்கு ஓமம், இவை எதற்கும் அடங்காத நோய்க்கு இஞ்சி, இஞ்சிக்கும் அடங்காவிட்டால் பழைய இஞ்சி என்று எல்லாம் இருந்தன. யாராவது சிரித்தால் போதும், புருவத்தை உயர்த்தி ஒரே ஒரு கேள்வி கேட்பார்: "டாக்டரே இல்லாத இடத்துல மாட்டிக்கிட்டா என்ன பண்ணுவீங்க?"

என்ன பண்ணுவது? யாருக்கும் பதில் தெரியாது. அதனால்தான் தொழிற்சாலை விருந்தில், சாப்பிடுகிறவர்களின் முதுகுக்குப் பின்னால், தொண்டையில் ஏதாவது அடைத்தால் பாய்ந்து பிடிக்கத் தோதாக, இரண்டு கைகளையும் விரித்தபடி அவர் நடமாடியதை ஒருவரும் தடுக்கவில்லை. மேலாளர் ஒரே ஒரு தடவை இருமினார். அதற்குப் பிறகு, பஞ்சு சார் இருக்கிற அறையில் அவர் இருமுவதே இல்லை.

வெளியே இப்படியென்றால் வீட்டில் கேட்கவா வேண்டும்? லீவுக்கு வந்த மைத்துனன், பயிற்சி என்ற பெயரில் இரண்டு கைகளிலும் கட்டுப்போடப்பட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருந்தான். கூரியர்க்காரர் மணி அடிக்கிறார். கதவைத் திறக்கக் கை இல்லை.

இப்படியே போய்க்கொண்டிருந்த வாழ்க்கையில் ஒரு மழை வந்தது.

சாதாரண மழையா அது! ஆற்றுப் பாலம் மூழ்கிவிட்டது என்று டிவியில் சொன்னார்கள். ஆஸ்பத்திரி, கிளினிக், மருந்துக்கடை எல்லாம் அக்கரையில். இக்கரையில் ஒரு டாக்டர்கூட இல்லை. குடியிருப்பே பாலுக்கும் மெழுகுவர்த்திக்கும் அல்லாடிக்கொண்டிருந்தபோது, பஞ்சு சார் முகத்தில் மட்டும் கல்யாண மாப்பிள்ளைக் களை. பெட்டிக்குள் ஒரு சொட்டுத் தண்ணீர் இறங்கக்கூடாதென்று மேலே பிளாஸ்டிக் உறை போட்டு, அதற்கு மேல் ஒட்டுநாடாவைச் சுற்று சுற்றென்று சுற்றி, மழை ஓயாத அந்த மத்தியானம் வீடுவீடாகக் கிளம்பினார்.

எதிர்வீட்டு டீச்சர் கதவைத் திறந்தார்.

"டீச்சர், தலைவலி ஏதாவது?"

"இல்லையே சார்."

"கழுத்து?"

"நல்லாத்தான் இருக்கு."

"அவசரப்படாதீங்க. நல்லா யோசிச்சுப் பாருங்க."

டீச்சர் யோசித்தார். கதவைச் சாத்தினார்.

பஞ்சு சார் மனம் உடைந்து திரும்புகிறார், மாடிப்படியில் தடதடவென்று ஒரு சத்தம். "ஐயோ, அம்மா!" என்று ஒரு அலறல். ஈரப்படியில் வழுக்கி, மேல்வீட்டுத் தையல்காரர் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பஞ்சு சார் ஓடினார். பாவம், என்ன ஆச்சோ என்ற பதைப்பும், வந்துட்டான்யா என்ற பூரிப்பும் ஒன்றையொன்று முட்டிக்கொள்ள, குரல் கொடுத்தார்: "அசையாதீங்க! யாரும் தொடாதீங்க! பெட்டி வருது!"

பெட்டி வந்தது. மைத்துனன் மூச்சுவாங்கச் சுமந்து வந்தான்.

"ஒண்ணும் இல்ல சார், கால் லேசா மடங்கிடுச்சு," என்றார் தையல்காரர்.

"அதை நான் சொல்லணும்," என்றார் பஞ்சு சார். ஒட்டுநாடாவைப் பிய்த்துப் பார்த்தார். வரவில்லை. பல்லால் கடித்தார். பல்தான் வலித்தது. "கத்தரிக்கோல் கொண்டா!"

"கத்தரிக்கோல் பெட்டிக்குள்ள இருக்கு மாமா."

காய் நறுக்கும் கத்தி வந்தது. நோயாளி காத்திருக்கிறார் என்ற வேகத்தில் ஒரே இழுப்பு. நாடா அறுபடவில்லை. பஞ்சு சாரின் உள்ளங்கை அறுபட்டது.

ரத்தம்! எத்தனை ரத்தத்தைக் கற்பனையில் அநாயாசமாக நிறுத்தியிருக்கிறார்! ஆனால் அதெல்லாம் அடுத்தவர் ரத்தம். தன்னுடையது இவ்வளவு சிவப்பாக, இவ்வளவு ஈரமாக இருக்கும் என்று யாருமே அவரிடம் சொன்னதில்லை. தையல்காரருக்குப் பக்கத்துப் படியிலேயே பொத்தென்று உட்கார்ந்துவிட்டார்.

தையல்காரர் துள்ளி எழுந்தார். மடங்கிய காலை மறந்தே போனார். "சார், அசையாதீங்க!" என்று கத்தியவரின் கண்களில் ஓர் ஒளி. "பாலம் வேற முழுகிக் கெடக்கு. ஊசியும் நூலும் தயாரா இருக்கு. ரெண்டே ரெண்டு தையல் போட்டுடட்டுமா?"

"வேண்டாம்!" பஞ்சு சாரின் அலறல் நாலு மாடிக்கும் கேட்டது. கேட்டதுதான் தாமதம், நாலு மாடியும் இறங்கி வந்தது. டீச்சர் காபித்தூள் டப்பாவோடு. கீழ்வீட்டு வங்கி அதிகாரி பற்பசையோடு. மூன்றாம் மாடிப் பாட்டு வாத்தியார், ஒட்டடைக்குச்சி நிறைய ஒட்டடையோடு.

"ஒட்டடையை வச்சா உடனே நிக்கும்!"

"சார், இது கையா, பரணா? காபித்தூள்தான் கரெக்ட்."

"டீச்சர், பற்பசை ஜில்லுனு இருக்கும்."

கையை ஆளுக்கொரு பக்கம் இழுத்தார்கள். ரத்தம் சொட்டிக்கொண்டே இருந்தது. டாக்டர் இல்லாத இடத்தில் மாட்டிக்கொண்டால் எப்படியிருக்கும் என்பது பஞ்சு சாருக்கு அப்போது நன்றாகவே விளங்கியது. நிஜமாகவே பயந்துபோனார்.

"எல்லாரும் கொஞ்சம் தள்ளுங்க." அவர் மனைவி. அடுப்பை அணைத்துவிட்டு வந்திருந்தார். ஒட்டடையை ஒரு கையால் ஒதுக்கி, கணவரைக் குழாயடிக்கு நடத்திப்போய், கையைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, துவைத்து மடித்த துண்டை வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டு, கையை உயரத் தூக்கிவைத்தார். அவ்வளவுதான். வேறொன்றும் இல்லை.

"நான் பொழைச்சுக்குவேனா?" என்றார் பஞ்சு சார், கண்ணை மூடியபடி.

"ராத்திரிக்கு நீங்கதான் பாத்திரம் கழுவணும். ஒத்தக் கையாலயாவது."

அவருக்கு உயிர் வந்தது. அழுத்தி வைத்த துண்டுக்குள் ரத்தமும் மெல்ல மெல்ல அடங்கியது. மறுநாள் காலையில் தண்ணீர் வடிந்ததும் அக்கரை டாக்டர் கையைப் பார்த்து, நல்லவேளை, அழுத்திப் பிடித்ததே சரி என்று சொல்லித் தையல் போட்டார். தையல்காரரின் கால்தான், அடுத்தவருக்கு வைத்தியம் பார்க்கத் துள்ளி எழுந்ததில் பூசணிக்காயாக வீங்கிவிட்டது. பஞ்சு சார் ஒரு வாரம் கதவைத் தாழிட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளேயே கிடந்தார். வெளியே டீச்சரும் வங்கி அதிகாரியும் பாட்டு வாத்தியாரும் முறைபோட்டுக் கதவைத் தட்டினார்கள்: "கட்டைப் பிரிச்சு ஒரே ஒரு தடவை பார்த்துட்டுப் போயிடறோம் சார்!"

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் ஒன்று கேட்கிறேன், மறைக்காமல் சொல்லுங்கள். அவர் உள்ளங்கை அறுபட்ட இடத்தைப் படிக்கும்போது, "அடடா, அதுல இன்னதை வச்சு அமுக்கியிருந்தா அப்பவே நின்னிருக்குமே" என்று உங்கள் வாய் முணுமுணுத்ததா, இல்லையா?

இல்லையா? சரி, நம்புகிறேன்.

அப்படியானால் முதுகுக்குப் பின்னால் கையில் என்ன டப்பா அது?