மாமியார் முகத்தில் ஒரு சிங்கம்

காலை ஏழேகால் மணி. வாணியம்பாடியில் மாமனார் வீட்டு வாசலில் நின்ற வேனுக்குள் முதலில் ஏறியது தேக்சா என்கிற பிரியாணி அண்டா. அடுத்து ஏறிய மாமனார் ஒரே ஒரு நிபந்தனை விதித்தார்.

"மலைய எடுங்க, மரத்த எடுங்க மாப்ள. வூட்டுப் பொம்பளைங்கள மட்டும் போன்ல போட்டுடாதீங்க."

"இன்ஷா அல்லாஹ், போட மாட்டேன் மாமா."

தோல் வியாபாரியான அவர் ஆதாருக்கும் பாஸ்போர்ட்டுக்கும் தவிர கேமரா முன் நின்றதில்லை. எங்கள் கல்யாணத்துக்கே போட்டோகிராபர் வரவில்லை. பத்திரிகையில் வேலை பார்ப்பவனுக்குப் பெண் கொடுக்க அவர் வெகுநாள் யோசித்ததும் அதனால்தான். (நான் உதவி ஆசிரியன், படம் எடுப்பவன் இல்லை என்று சொல்லிச் சொல்லி என் வீட்டார் ஓய்ந்திருந்தார்கள்.) புது மாப்பிள்ளையாக நான் கொடுத்த முதல் வாக்கு அது.

ஜவ்வாது மலைமேல் ஒரு புளியமரத்தடியில் சாப்பிட்டோம். மரத்தைப் படமெடுத்தேன். அதன் கீழே மாமியார் எதற்கோ வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார். படம் அபாரமாக வந்துவிட்டது. பத்திரிகை மூளை வேலை செய்தது: முகத்தை மறைத்தால் ஆள் தெரியாது; ஆள் தெரியாவிட்டால் வாக்கும் மீறப்படாது. போனில் இருந்த சிங்க முகம் ஒன்றை மாமியார் முகத்தில் பொருத்தி ஸ்டேட்டஸில் போட்டேன். (அளவு அத்தனை கச்சிதம். பிடரி மயிர் முக்காடு போலவே அமைந்தது.)

அங்கே சிக்னல் இல்லை. வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. மறந்துவிட்டேன். இறங்கும்போது காவலூர் வளைவில் சிக்னல் எட்டிப் பார்த்துவிட்டுப் போனது. படம் போய்விட்டது. அழிக்கப் பார்த்தால் சிக்னல் இல்லை.

ஆலங்காயத்தில் மாமனாரின் போன் அடித்தது. அவருடைய தம்பி. ஸ்பீக்கர் தேவைப்படாத குரல்.

"இன்னாண்ணே, அண்ணி சிங்கமாயிட்டாங்களாமே! ஊரே பாத்துனு கீது!"

"அவதான்னு எப்படிடா தெரியும்?"

"பக்கத்துல இருக்கற தேக்சாவுல ஒம் பேரு வெட்டிக் கீதே!"

வேன் நின்றது. மாமனார் என் போனை வாங்கி நெடுநேரம் பார்த்தார்.

"போட்டோன்றது கண்ணாடியில தெரியற நெழல் மாதிரி, தப்பில்லன்னு சில ஆலிம்ங்க சொல்றாங்க. சரி, அதுக்காச்சும் ஒரு பேச்சு இருக்குது. நீங்க அத மறைச்சுட்டு, மேல மிருகத்து உருவத்த வெச்சிருக்கீங்க. இத எந்த ஹஜ்ரத்துகிட்ட போய் நான் கேப்பேன்?"

பின்சீட்டிலிருந்து மனைவி சேர்ந்துகொண்டாள். "போன்ல அந்தச் சிங்கத்துக்குப் பக்கத்துலயே ரோஜாப்பூ இருந்துச்சேங்க! பூவ வெச்சிருந்தா ஒரு பேச்சும் வந்திருக்காது."

உயிருள்ளவற்றின் உருவம்தான் கூடாது, பூ, மரம், மலை இவற்றைப் படமாக்கத் தடையில்லை என்பது மதரஸாவில் ஓதிய எனக்கும் தெரியும். சிங்கம்தான் முதலில் கைக்கு வந்தது.

அவர் கண்ணெதிரிலேயே ஸ்டேட்டஸை நீக்கினேன். வாணியம்பாடி வரை மாமனார் ஜன்னல் பக்கமே திரும்பியிருந்தார். சிரிப்பை அடக்கத்தான் அப்படி என்று பிற்பாடு மனைவி சொன்னாள். அன்று எனக்கு அது தெரியாது. பெண்ணைத் திருப்பிக் கேட்பாரோ என்றுகூட நினைத்தேன்.

இன்றும் விருந்துகளில் யாராவது போனைத் தூக்கினால் வீட்டுப் பிள்ளைகள் கர்ஜிக்கிறார்கள். முதலில் சிரிப்பவர் மாமனார்.

மலையிலிருந்து திரும்பிய மறுநாள், டீ கொண்டுவந்த மாமியார் குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "மாப்ள, அந்தச் சிங்கத்த எடுத்துட்டு ஒரு தபா காட்டுங்களேன். நான் சிரிச்சா எப்படி இருப்பேன்னு பாக்கணும்."

அசல் படத்தையும் ஆலங்காயத்திலேயே அழித்திருந்தேன்.