ஐந்து இலை வளையும் அடைத்துவிட்ட பின்வழியும்

ஒரு காட்டில் ஒரு வெள்ளெலி இருந்தது. இப்படித் தொடங்கினால் சரியா என்று தெரியவில்லை. காடு என்றதும் மரம் அடர்ந்திருக்கும், அருவி விழும், யானை நடக்கும் என்று கேட்பவர்கள் நினைத்துவிடுவார்கள். இது அந்த மாதிரிக் காடு இல்லை. தேரிக்காடு. சிவப்பு மணல், நாலு உடைமரம், பத்துப் பனை, மீதி எல்லாம் வெயில். சிங்கம் ராஜாவாக இருந்ததா என்றால் அதுவும் கிடையாது. ஓர் அலுவலகம் இருந்தது, அவ்வளவுதான். எதையாவது விட்டுவிடுவோமோ, முன்னால் வருவதைப் பின்னால் சொல்லிவிடுவோமோ என்று பயமாகத்தான் இருக்கிறது. கதை பிசகினால் நீதி பிசகிவிடும் என்பார்கள். இந்தக் கதையின் நீதி முதலிலிருந்தே கொஞ்சம் கோணல்தான் என்பதால், துணிந்து சொல்லலாம்.

வெள்ளெலியின் பெயர் தைலம்மை. புருஷன் மாசானம். குட்டிகள் நாலு. மணலுக்கு அடியில் மூன்று வளைவு திரும்பிப் போனால் அவர்கள் வீடு.

வெள்ளெலிகளுக்குள் ஒரு வழக்கம் உண்டு. வளை தோண்டும்போது முன்வாசலோடு நிறுத்த மாட்டார்கள். பின்பக்கமாக இன்னொரு வழியும் தோண்டி, மேலே வருவதற்கு ஒரு விரல்கடை மண் இருக்கும்போது அப்படியே விட்டுவிடுவார்கள். வெளியிலிருந்து பார்த்தால் வெறும் தரை. முன்வாசலில் பாம்பு தலையை நீட்டினால், உள்ளே இருப்பவர்கள் பின்வழியில் ஓடி அந்த மண்ணைத் தலையால் முட்டி உடைத்துக்கொண்டு வெளியே பாய்ந்துவிடலாம்.

தைலம்மை அந்தப் பின்வழியைத் தினமும் மூன்று தடவை போய்ப் பார்ப்பாள். மண் இறுகிவிட்டதோ, வேர் ஏதும் குறுக்கே வந்துவிட்டதோ என்று தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். படுத்த பிறகு மறுபடி எழுந்து போவாள்.

"இப்பத்தானட்டி பார்த்துட்டு வந்தே?" என்பான் மாசானம்.

"பார்த்தேன். சரியாப் பார்த்தேனான்னுதான் பார்க்கப் போறேன்."

அந்த வருடம் கோடை ரொம்பக் கொடுமை. வளைக்குள் வெளிச்சத்துக்கு எட்டு மின்மினிகள் வேலைக்கு இருந்தன. வாசலில் நின்று சிறகால் விசிற இரண்டு தேனீக்கள். எல்லாவற்றுக்கும் தினைதான் கூலி. சேர்த்து வைத்த தினையில் பாதி இப்படியே போனது. மிச்சத்தைத் தின்னலாம் என்றால் வெக்கையில் பசியே இல்லை.

அப்போதுதான் காட்டு அலுவலகம் 'பசுமை வளைத் திட்டம்' அறிவித்தது. செலவு குறைந்து குளிர்ச்சியாக இருக்கும் வளைகளுக்கு ஒன்றிலிருந்து ஐந்து வரை இலை போட்டுச் சான்று தருவார்கள். இலை கூடக் கூட வீட்டின் மதிப்பும் கூடும்.

மாசானத்தின் தங்கை சொர்ணக்கிளி முதல் வாரமே நாலு இலை வாங்கிவிட்டு, அதைச் சொல்வதற்கென்றே அண்ணன் வீட்டுக்கு வந்தாள்.

"என்ன மதினி, உள்ளே வந்ததும் அடுப்புக்குள்ள நுழைஞ்ச மாதிரி இருக்கு? எங்க வீட்டுல பிள்ளைங்களுக்குச் சளி பிடிச்சிருச்சு. அவ்வளவு குளிர்ச்சி."

அவள் போன பிறகு மாசானம் சாப்பிடவில்லை. மறுநாள் காலையில் படிவம் வாங்கி வந்தான். நாற்பத்தோரு கேள்விகள்.

மதிப்பீடு செய்ய வந்தவர் ஓணான். காட்டு அலுவலகத்தில் அவர் ஒருவர்தான் ஊழியர். வெளியே வந்தால் மதிப்பீட்டாளர், உள்ளே உட்கார்ந்தால் குமாஸ்தா. இரண்டு இடத்திலும் ஓயாமல் தலையை ஆட்டிக்கொண்டே இருப்பார்.

அவர் சொன்ன யோசனைகள் நல்ல யோசனைகள்தான், அதைக் குறை சொல்லக் கூடாது. வளைக்கு மேலே மணலில் அறுகு நடச் சொன்னார். வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி நனைத்துவிடச் சொன்னார். உடைந்த கண்ணாடித் துண்டு ஒன்றை முதல் வளைவில் சாய்த்து வைத்தால் சூரியனே உள்ளே வந்து வெளிச்சம் போடும், மின்மினி வேண்டாம் என்றார். எப்போதாவது பெய்யும் மழையைப் பிடித்து வைக்கப் பெரிய நத்தை ஓடுகள் நாலை வாசலுக்குச் சற்று உள்ளே புதைக்கச் சொன்னார்.

தைலம்மை பயந்து பயந்துதான் எல்லாவற்றையும் செய்தாள். அறுகு வேர் கூரையைத் துளைத்துவிடுமோ, கண்ணாடி குட்டிகளின் காலைக் கிழித்துவிடுமோ என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கவலை. ஒன்றும் ஆகவில்லை. கோடை மழை ஒன்று பெய்து நத்தை ஓடுகள் நிறைந்தன. தட்டியில் நீர் சொட்ட, வெட்டிவேர் வாசனை மூன்று வளைவும் தாண்டி உள்ளே வந்தது. குட்டிகள் மதியத்தில் தூங்கின. தேனீக்களுக்கும் மின்மினிகளுக்கும் கணக்கு முடித்து அனுப்பினாள். நெடுநாளைக்குப் பிறகு அவளுக்குப் பசித்தது.

ஓணான் மறுபடி வந்து பார்த்து நாலு இலை போட்டார்.

"அஞ்சாவது?" என்றான் மாசானம்.

ஓணான் ஒரு சிலந்தி நூலை எடுத்து வீட்டுக்குள் அங்கங்கே பிடித்துப் பார்த்தார். பின்வழிக்குப் பக்கத்தில் நூல் லேசாக ஆடியது.

"இங்கே காத்து கசியுது. குளிர்ச்சி எல்லாம் இது வழியாத்தான் போகுது. இதை அடைச்சுட்டா அஞ்சு இலை."

தைலம்மை பின்வழியை மறித்துக்கொண்டு நின்றாள். "ஐயா, அது பாம்பு வந்தா நாங்க ஓடுற வழி."

ஓணான் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார். "பாம்புன்னு இதுல ஒரு கேள்வியே இல்லையேம்மா."

"அடைச்சா ஆபத்தில்லையா ஐயா?"

ஓணான் தலையை ஆட்டினார்.

"அப்ப அடைக்காமலே விட்டுடலாமா?"

அதற்கும் ஆட்டினார்.

"பார்த்தியா, அதிகாரியே ஆபத்தில்லைன்னு சொல்லிட்டாரு," என்றான் மாசானம். "அவரை விட உனக்குத் தெரியுமா? சொர்ணக்கிளி வீட்டுல அடைச்சாங்களா? இல்லை. அதான் அவளுக்கு நாலு. நமக்கு அஞ்சு."

மண்குளவிகள் வந்து குழைத்த களிமண்ணால் இரண்டு பூச்சுப் பூசின. காய்ந்ததும் தட்டிப் பார்த்தால் கல் மாதிரிச் சத்தம் வந்தது. அன்று தைலம்மை பின்வழிக்கு மூன்று தடவை போகவில்லை. பதினோரு தடவை போனாள்.

ஐந்து இலைச் சான்று வந்தது. அதன் நகல் ஒன்றை, எல்லோரும் பார்க்கிற மாதிரி அலுவலகம் இருந்த மரத்திலும் ஒட்டினார்கள். அதில் இப்படி எழுதியிருந்தது:

'தைலம்மை இல்லம். கோடையிலும் குளிர்ச்சி. செலவு மிகக் குறைவு. வாசல் ஒன்று மட்டுமே. கசிவு இல்லை. வசிப்போர் ஆறு பேர். அனைவரும் நல்ல சதைப்பிடிப்பு.'

அதை முதலில் படித்தது ஒரு சாரைப்பாம்பு.

மறுநாள் காலையில் மாசானம் வீட்டுக்குப் பெயர்ப்பலகை வாங்க அலுவலகம் போயிருந்தான். தைலம்மை குட்டிகளோடு உள்ளே முதல் வளைவில் இருந்தாள். வெட்டிவேர்த் தட்டி மெல்ல விலகியது. சாரையின் தலை மட்டும் உள்ளே வந்தது.

"அக்கா, வணக்கம். மரத்துல பார்த்தேன். வீடு பார்க்கலாம்னு வந்தேன்."

தைலம்மை குட்டிகளை முதுகுக்குப் பின்னால் தள்ளிக்கொண்டாள். தட்டி சொட்டச் சொட்டச் சாரை நாக்கை நீட்டி நீட்டி அனுபவித்தது.

"அடடா, என்ன குளுமை! வெளியே மணல்ல வயித்தை வைக்க முடியலைக்கா. வெந்து போகுது. வீடும் கிடைச்சு, சாப்பாடும் உள்ளேயே இருக்குன்னா வேற என்ன வேணும் சொல்லுங்க?"

தைலம்மையின் கண் சுவரில் இருந்த சான்றின் மேல் பட்டது. கவலைப்படுகிறவர்கள் பொடி எழுத்தையும் விடாமல் படிப்பார்கள். அவள் அதை ஒன்பது தடவை படித்திருந்தாள்.

"தம்பி," என்றாள். குரல் கீச்சென்று வந்தது. "கடைசி வரியைப் படிச்சுப் பாருங்க."

சாரை கழுத்தை நீட்டிப் படித்தது. 'உரிய பெயர்மாற்றமின்றி வசிப்போர் மாறினாலோ குறைந்தாலோ இச்சான்று செல்லாது.'

"அப்படின்னா?"

"எங்களைத் தின்னா அஞ்சு இலையும் போயிடும். வெறும் மண் வளைதான். திரும்ப முதல்லேருந்து வாங்கணும். நாப்பத்தோரு கேள்வி."

சாரை யோசித்தது. தட்டியிலிருந்து ஒரு சொட்டு அதன் தலையில் விழுந்தது. மேலும் யோசித்தது.

"பேரை முதல்ல மாத்திட்டு அப்புறம் தின்னா?"

"அப்ப சரியா இருக்கும்," என்றாள் தைலம்மை. வேறு என்ன சொல்ல? "பெயர்மாற்றப் படிவம் ஏழு. ஆபீஸ்ல தருவாங்க. வாங்குறவங்க கைநாட்டு வைக்கணும்."

"எனக்குக் கை இல்லையே?"

"அதை அங்கேதான் கேட்கணும்."

சாரை தலையை வெளியே இழுத்துத் தூரத்து அலுவலக மரத்தைப் பார்த்தது. அங்கிருந்து இந்த வாசல் நன்றாகத் தெரியும். "நான் போயிட்டு வந்துடுறேன்கா. வாசல் ஒண்ணுதானே, உங்க மேல எனக்கு நம்பிக்கை இருக்கு," என்று சொல்லிவிட்டுப் போனது.

தைலம்மை பின்வழிக்குப் பாய்ந்து களிமண்ணை முட்டினாள். தலைதான் வலித்தது. கீறினாள். ஒரு நகம் போனது. குளவிகள் செய்த நல்ல வேலையை அப்போது அவள் வாய்விட்டுத் திட்டினாள்.

"அம்மா, கண்ணாடில ஆபீஸ் தெரியுது," என்றாள் மூத்த குட்டி. வெளிச்சத்துக்கு வைத்த கண்ணாடித் துண்டைக் கொஞ்சம் திருப்பியிருந்தாள். அதில் மரமும், மரத்தடி வரிசையும் குட்டியாகத் தெரிந்தன. அலுவலக நிழலில் யாரும் யாரையும் தின்னக் கூடாது என்பது காட்டுச் சட்டம். அதனால் எல்லோரும் ஒழுங்காக நின்றார்கள்.

"பாம்புக்கு முன்னாடி யாரு?"

"அப்பா. அவருக்கு முன்னாடி ஆமை."

ஆமை என்றதும் தைலம்மைக்கு மூச்சு வந்தது. அந்த மூச்சில்தான் புத்தியும் வந்தது. நத்தை ஓட்டுத் தண்ணீர்! குட்டிகள் வாயில் மொண்டு மொண்டு வந்து களிமண்ணில் துப்பின. இவள் நகம் போன கையால் கீறினாள். மேல்பூச்சு குழைந்து வழிந்தது.

"அம்மா, ஆமை போயிடுச்சு."

"அப்பா நிக்காரில்லையா? அவரு நாலு கேள்வி கேட்காம நகர மாட்டாரு."

குட்டி கண்ணாடிக்குள் உற்றுப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, அப்பா தன் இடத்தைப் பாம்புக்கு விட்டுக்கொடுத்துட்டாரு. கும்பிடு வேற போடுறாரு."

வீடு பார்க்க வந்தவரைக் காக்க வைக்கலாமா என்று மாசானம் நினைத்தானாம். பின்னால் அவனே சொன்னது.

தைலம்மை இன்னும் வேகமாகக் கீறினாள். இரண்டாவது நத்தை ஓட்டையும் காலி செய்தார்கள், மூன்றாவதையும் காலி செய்தார்கள். அங்கே சாரை, "வால்நாட்டு வச்சா செல்லுமா?" என்று கேட்டது. ஓணான் தலையாட்டினார். "செல்லாதா?" என்று கேட்டது. அதற்கும் ஆட்டினார். சாரை குழம்பிப்போய், எதற்கும் இருக்கட்டும் என்று வாலால் ஒன்று, மூக்கால் ஒன்று என இரண்டு படிவம் போட்டது. நாலாவது நத்தை ஓடு காலியானபோது, தைலம்மையின் தலை மண்ணைப் பிளந்துகொண்டு வெயிலில் வந்தது. நாலு குட்டிகளையும் கழுத்தைக் கவ்வி வெளியே போட்டுக்கொண்டு, உடைமரப் புதரைப் பார்த்து ஓடியே ஓடினாள்.

முத்திரை குத்திய படிவத்தோடு சாரை வந்து பார்த்தது. வீடு இருந்தது, சாப்பாடு இல்லை. பின்னால் ஒரு பெரிய ஓட்டை. இலை போய்விடுமே என்று அதற்குத்தான் கவலை. குளவிகளைக் கூப்பிட்டு மூன்று பூச்சாகப் பூசி அடைத்தது. ஓணான் ஐந்து இலை போட்டார். மரத்தில் ஒட்டினார்கள்: 'சாரை இல்லம். வாசல் ஒன்று மட்டுமே. வசிப்பவர் ஒருவர், ஆறடி, நல்ல சதைப்பிடிப்பு.'

அடுத்த வாரம் ஒரு கீரி வீடு பார்க்க வந்தது.

தைலம்மை புதிதாக ஒரு வளை தோண்டினாள். அதற்கு ஏழு பின்வழி. தோண்டி முடித்ததும் வரிசையில் நின்று, படிவம் வாங்கி, ஓணானை அவளே கூட்டி வந்தாள். ஓணான் சிலந்தி நூலைப் பிடித்தார். அது கையில் நிற்காமல் பறந்தே போய்விட்டது.

"இதுக்கு ஒரு இலைகூடப் போட முடியாதேம்மா!"

"ரொம்ப நன்றிங்கய்யா. அதை அப்படியே எழுதிக் குடுங்க. முத்திரை வச்சுக் குடுங்க."

மாசானம் வெட்கப்பட்டு இரண்டு நாள் வெளியே தலைகாட்டவில்லை. சொர்ணக்கிளி நக்கல் பண்ண வந்தாள். "என்ன மதினி, சைபராமே?" என்று ஆரம்பித்தவள், கீரி கதையையும் கேட்டுவிட்டு, போகும்போது மெதுவாகக் கேட்டாள்: "நாலு இலையைத் திருப்பிக் குடுக்கணும்னா எந்தப் படிவம் மதினி?"

இப்போது தைலம்மை வீட்டு வாசலில் ஒரு பலகை தொங்குகிறது. 'இலை: இல்லை. கடும் வெக்கை. ஓட்டைகள் ஏழு. மதிப்பு: பூஜ்யம். வசிப்போர்: மெலிந்தவர்கள்.' வீடு தேடி வரும் பாம்புகள் அதைப் படித்து, உச்சுக்கொட்டிவிட்டுப் போகின்றன. உள்ளே மூன்றாவது வளைவைத் தாண்டி, ஓணான் எட்டிப் பார்க்காத இடத்தில், ஒரு வெட்டிவேர்த் தட்டி நனைந்து சொட்டிக்கொண்டிருக்கிறது. தைலம்மை தினமும் ஏழு பின்வழியையும் தொட்டுப் பார்த்துவிட்டு, கடைசியாக வாசலுக்கு வந்து, பலகை நேராகத் தொங்குகிறதா, பூஜ்யம் தூரத்திலிருந்து தெரிகிறதா என்று பார்க்கிறாள். படுத்த பிறகு, எழுந்து வந்து இன்னொரு தடவையும் பார்க்கிறாள்.

நீதி: வீட்டை எவ்வளவு வேண்டுமானாலும் குளிர்ச்சியாக வைத்துக்கொள், ஆனால் வாசலில் எழுதி மாட்டும்போது வெக்கையையும் ஓட்டையையும் மட்டும் எழுது. அதற்கும் மறக்காமல் முத்திரை வாங்கிவிடு.